மூட்டையைப் பிரிக்காமல் எண்ணுவது

ஆரணியில் ஒரு பட்டுச் சேலை தறியை விட்டு இறங்கும் முன்பே அதன் நூல் நெடும்பயணம் செய்திருக்கும். கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. வந்த பட்டு முறுக்கேற ஓர் இடம், சாயமேற இன்னோர் இடம் என்று அலைந்து, பாவாக ஓடி, பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கப்பட்டுத் தறியேறுகிறது. அந்தத் தறி ஆரணி நகரத்துத் தெருவில் இருக்கலாம். தேவிகாபுரத்திலோ ஒண்ணுபுரத்திலோ அத்திமலைப்பட்டிலோ முள்ளிப்பட்டிலோ ஒரு வீட்டுக்குள் இருக்கலாம். நெய்து முடிந்த சேலை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ முதலாளியின் கடைக்கோ போய்ச் சேர்கிறது. அங்கிருந்து மூட்டையாகக் கட்டப்பட்டுக் காஞ்சிபுரம், சென்னை, பெங்களூர் என்று கிளம்புகிறது. வியாபாரி, முறுக்குக்காரர், சாயக்காரர், பாவு ஓட்டுபவர், நெசவாளர், சங்கத்து ஊழியர், லாரி ஆபீஸ், மொத்தக் கடை, சில்லறைக் கடை என்று எண்ணிக்கொண்டு வந்தால், கட்டுகிறவர் தோளுக்கு வருமுன் அந்தப் பொருள் ஒன்பது கை மாறியிருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கேள்வி ஒன்றுதான்: கொடுத்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு நெசவூர்கள் கண்டுபிடித்த பழைய விடை தராசு. பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார்கள். சேலையை நிறுத்து வாங்குவார்கள். இரண்டும் பாஸ்புத்தகத்தில் ஏறும். எளிமையான ஏற்பாடு, பெரும்பாலும் நேர்மையான ஏற்பாடும்கூட. ஆனால் பட்டு தராசுக்கு முழுதாகக் கட்டுப்படுகிற பொருளல்ல. பட்டுப்புழு நூற்ற இழையைச் சுற்றி செரிசின் என்ற பசை உண்டு. சாயமேற்றுவதற்கு முன் வேகவைத்து அதை நீக்கும்போது எடையில் ஏறக்குறையக் கால்பங்கு போய்விடும். ஒரு கிலோ கொடுத்தால் முக்கால் கிலோ திரும்பி வருவது திருட்டல்ல, வேதியியல். அடுத்தது ஈரம். பட்டு வணிகம் உலகெங்கும் 11 விழுக்காடு ஈரத்தை இயல்பான அளவாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. முற்றிலும் உலர்ந்த நிலையில் 500 கிராம் இருக்கும் பட்டு, இயல்பான காற்றில் 555 கிராம் காட்டும். ஐப்பசி மழையில் நிறுத்ததும் சித்திரை வெயிலில் நிறுத்ததும் ஒன்றாக இருக்காது. எடை ஒரு நல்ல சாட்சிதான். ஆனால் அந்தச் சாட்சிக்கு ஆளை அடையாளம் தெரியாது. 520 கிராம் என்று சொல்லும், எந்த 520 கிராம் என்று சொல்லாது. இரண்டு நெசவாளர்களின் சேலைகள் மாறிப்போனால், சாயப்பட்டறையில் இரண்டு நூல் முடிப்புகள் கலந்துபோனால், தராசு அதைக் கண்டுகொள்ளாது.

அடையாளம் சொல்லும் அந்த வேலைக்குத்தான் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் வருகிறது. பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் புதிதல்ல. கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் அதே இனம். 2021 பிப்ரவரி நடுவிலிருந்து நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் அது கட்டாயமானது. வாலாஜாபேட்டை அருகே சுங்கச்சாவடியைக் கடக்கும் பெரும்பாலான லாரிகளில் அது இருக்கிறது. ஆனால் அது லாரியின் பெயரை மட்டுமே சொல்லும். லாரிக்குள் இருக்கும் மூட்டையையும் மூட்டைக்குள் இருக்கும் சேலையையும் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சேலைக்குச் சேலை ஒரு டேக் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த அத்தியாயம் ஆராயும் கேள்வி. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த டேக் பட்டு சுத்தமானது என்பதற்குச் சான்று தராது. தரும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். அது தரக்கூடியது, கைமாற்றத்துக்கு ஒரு சாட்சி. அந்தச் சாட்சி பயன்பட வேண்டுமானால் டேக் கடையில் ஒட்டப்படக் கூடாது. தறிக்கு அருகே, நெசவாளர் கையில் பாவு கொடுக்கப்படும் நாளிலேயே கணக்கில் சேர வேண்டும்.

முதலில் அது எப்படிப் பேசுகிறது என்று பார்ப்போம். வெயிலில் கண்ணாடித் துண்டை அசைத்து எதிர்த் தெருவுக்கு ஒளி அடிக்கும் சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் கையில் விளக்கு இல்லை, பேட்டரி இல்லை. வேறெங்கிருந்தோ வரும் ஒளியைத் திருப்பியும் மறைத்தும் செய்தி சொல்கிறான். டேக்கும் அப்படித்தான். ரீடர் என்ற கருவி ரேடியோ அலையை வீசுகிறது. டேக்கில் உள்ள மெல்லிய அலுமினிய ஆன்டெனா அந்த அலையில் ஒரு துளியை வாங்கி, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சில்லுக்கு உணவாகக் கொடுக்கிறது. ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே சில்லு விழித்துக்கொள்ளும். விழித்ததும் ஆன்டெனாவின் மின் இணைப்பைத் திறந்து மூடி, திரும்பிப் போகும் அலையைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. ரீடர் அதைப் படிக்கிறது. இப்படி எதிரொலித்த ஆற்றலைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே சோவியத் பொறியாளர் லெவ் தெரமின் இதே கொள்கையில் ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி செய்து, மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரைக்குள் ஒளித்து, மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்குப் பரிசாகப் போகச் செய்திருந்தார். பேட்டரி இல்லாததால் 1952 வரை யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. சேலைக்கும் இதே குணம்தான் தேவை. பெட்டியில் இரண்டு ஆண்டுகள் கிடந்தாலும் டேக் தீர்ந்துபோகாது, ஏனெனில் தீர்வதற்கு அதனிடம் எதுவும் இல்லை.

இதற்கான அலைவரிசையில் 865 மெகாஹெர்ட்ஸிலிருந்து 867 வரையிலான பகுதியை இந்திய அரசு 2005-இல் உரிமம் இல்லாமலே பயன்படுத்தத் திறந்துவிட்டது. அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர், ஏறக்குறைய முக்கால் முழம். இந்த அலை அட்டை, துணி, சாக்கு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கடந்துபோகும். ஆகவே மூட்டையைப் பிரிக்க வேண்டியதில்லை. சாதாரண பார்கோடு ஒரு வகையின் பெயரைத்தான் சொல்லும்; டேக்கில் 96 பிட் நீளமுள்ள எண் இருக்கிறது. அதில் வரிசை எண்ணுக்கென்று ஒதுக்கியுள்ள 38 பிட்டுகளே 27,000 கோடிக்கும் மேற்பட்ட பொருள்களைத் தனித்தனியாகப் பெயரிடப் போதும். 1999-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஆட்டோ-ஐடி மையம் இந்த எண்முறையை வகுத்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சஞ்சய் சர்மா கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். டேக்கைப் பெரிய நினைவகமாக ஆக்க வேண்டாம், வெறும் எண் மட்டும் அதில் இருக்கட்டும், மற்ற விவரமெல்லாம் கணினியில் இருக்கட்டும் என்பதுதான் அந்தக் குழுவின் துணிச்சலான முடிவு. அந்த முடிவால்தான் டேக்கின் விலை சில ரூபாய்க்கு இறங்கியது.

நாற்பது சேலை உள்ள மூட்டையில் நாற்பது டேக்குகளும் ஒரே நேரத்தில் பேசினால் சந்தை இரைச்சல்தான் மிஞ்சும். இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. ரீடர், “பூஜ்யத்திலிருந்து அறுபத்து மூன்றுக்குள் ஆளுக்கொரு எண்ணை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று அறிவிக்கிறது. பிறகு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறது. தன் முறை வந்த டேக் மட்டும் வாய் திறக்கும். இரண்டு டேக்குகளுக்கு ஒரே எண் அமைந்துவிட்டால் மோதல். அவை அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். கூட்டம் பெரிது என்று தெரிந்தால் ரீடர் எண்களின் எல்லையைக் கூட்டும், சிறிது என்றால் குறைக்கும். தீவுகளுக்கிடையே கணினிகளை இணைக்க ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 1970-களின் தொடக்கத்தில் உருவான அலோஹா முறையின் வாரிசு இது. கணக்குப்படி நூறு முறைகளில் அதிகபட்சம் 37 முறைகள்தான் வெற்றி பெறும், மீதி வீண். வீண் போனாலும் கவலையில்லை, ஏனெனில் எல்லாம் நொடியின் சிறு பின்னத்துக்குள் நடந்து முடிகிறது. நாற்பது சேலைகளைக் கையால் எண்ணி, மடிப்பு விரித்து, சீட்டைப் பார்த்து, மீண்டும் மடித்து வைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எந்தக் கடை ஊழியரும் சொல்லுவார். நேரத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் அதில் உண்டு. ஜரிகைப் பட்டை அடிக்கடி விரித்து மடிப்பது அதற்கு நல்லதல்ல. மடிப்பு ஓடும் இடத்தில்தான் இழை முதலில் இற்றுப்போகிறது. பிரிக்காமல் எண்ணுவது பட்டைப் பொறுத்தவரை வசதியோடு நிற்பதில்லை, சரக்கையும் காப்பாற்றுகிறது.

இந்த இடத்தில் இயற்பியல் தெரிந்தவர் ஒருவர் குறுக்கிடுவார், குறுக்கிடத்தான் வேண்டும். ரேடியோ அலைக்கு உலோகம் ஆகாதே, ஜரிகை உலோகமல்லவா என்று கேட்பார். மிகச் சரியான கேள்வி. அசல் ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, பொன்முலாம் பூசியது. இந்த அலைவரிசையில் ரேடியோ அலை வெள்ளிக்குள் சுமார் இரண்டு மைக்ரான் ஆழத்துக்கு மேல் அதிகம் நுழையாது. ஜரிகையின் தகடு அதைவிடத் தடிமன். ஆகவே ஒவ்வொரு ஜரிகை இழையும் அலைக்கு ஒரு கம்பிதான். கம்பிகளை வரிசையாக இணையிணையாக அடுக்கினால் என்ன ஆகும் என்பதை ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் 1888-லேயே செம்புக் கம்பிச் சட்டம் கொண்டு காட்டினார். கம்பியின் திசையில் அதிரும் அலை திரும்பிவிடும். குறுக்காக அதிரும் அலை கடந்துபோகும். அவருக்குப் பின் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், பிராட்ஷா ரயில் அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி அதே வேலையை வாங்கினார். மடித்து வைத்த ஆரணிச் சேலையின் முந்தியை அந்தப் புத்தகமாகவே பார்க்கலாம்: துணி ஒரு பக்கம், ஜரிகை ஒரு தாள், மீண்டும் துணி, மீண்டும் ஜரிகை. பார்டரில் ஜரிகை பாவின் நீளத்தில் ஓடுகிறது. முந்தியில் ஊடையாகக் குறுக்கே ஓடுகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து விழும் மூலையில் எந்தத் திசையில் அதிரும் அலையும் தப்பாது. டேக்கை அந்த மூலையில் வைத்தால் அது ஊமையாகிவிடும்.

விடை இயற்பியலிலேயே இருக்கிறது. டேக்கை முந்தியிலிருந்தும் பார்டரிலிருந்தும் விலக்கி, உடல் பகுதியின் நடு மடிப்பில், துணியிலிருந்து சற்று விலகி நிற்கும் அட்டையில் வைக்க வேண்டும். ரீடர் ஒரே திசையில் அதிரும் அலையை வீசாமல், சுழன்று அதிரும் அலையை வீச வேண்டும். சேலைகளை அடுக்கும்போது டேக்குகள் ஒன்றின் தலையில் ஒன்று உட்காராதபடி இடம் மாற்றி வைக்க வேண்டும், ஏனெனில் ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியில் அடுக்கிய டேக்குகள் ஒன்றுக்கொன்று நிழல் விழுத்தும். ஆரணிக்கு இதில் ஓர் இயற்கையான சாதகம் உண்டு. இந்த ஊரின் பெயர் பெற்ற சரக்கு இலகுவான சேலை. காஞ்சிபுரத்தின் கனத்த ஜரிகைப் பட்டைவிட அலைக்கு வழிவிடுவது. ஆனாலும் உடல் முழுக்க ஜரிகை ஓடும் சேலைகளில் நூற்றுக்கு நூறு படிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. படிக்காத ஒன்றிரண்டைக் கையால் எண்ணிச் சேர்க்கும் ஏற்பாடு இல்லாமல் இதைத் தொடங்குவது, தராசைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்மதிப்பை நம்புவதற்குச் சமம்.

அடுத்த எதிர்வாதம் இன்னும் வலுவானது: இதற்கு க்யூஆர் கோடு போதாதா? அச்சடிக்கக் காசே ஆகாது, எந்தக் கைப்பேசியும் படிக்கும். ஒரு சேலையை ஒரு முறை வாங்கும் வாடிக்கையாளருக்கு க்யூஆர் கோடுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையைச் சேலையோடு இணைக்கும் முயற்சியை கோ-ஆப்டெக்ஸ் செய்தபோது அதற்கு எந்த மின்னணுவும் தேவைப்படவில்லை. அது மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் க்யூஆர் கோட்டைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஒவ்வொன்றாக, வெளிச்சத்தில், நேராக. மூட்டை நிலையில் அது உதவாது. வழியில் நிகழும் இழப்பும் கலப்பும் பெரும்பாலும் மூட்டை நிலையில்தான் நிகழ்கின்றன. ஆகவே ஒரே அட்டையில் கண்ணுக்கு க்யூஆர், அலைக்கு டேக் என இரண்டும் இருப்பதே பொருத்தம். யார் எப்போது படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இது, கருவியின் பெருமையைப் பொறுத்ததல்ல.

டேக்கை எங்கே, யார் வைப்பது என்ற கேள்விக்கு உலக அனுபவத்தில் ஒரு தெளிவான பாடம் இருக்கிறது. 2003 ஜூனில் வால்மார்ட் நிறுவனம் தன் முதல் நூறு சப்ளையர்களை 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் டேக் ஒட்டச் சொன்னது. கடைகளில் பலன் தெரிந்தது: அர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் செய்த ஒப்பீட்டில், டேக் உள்ள கடைகளில் சரக்குத் தீர்ந்துபோய் அலமாரி காலியாக நிற்பது 16 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனாலும் திட்டம் எதிர்பார்த்தபடி பரவவில்லை. செலவு சப்ளையருக்கு, பலன் கடைக்கு என்று பிரிந்துபோனதுதான் முக்கியக் காரணம். பலர் சரக்கு லாரியில் ஏறும் கடைசி நிமிடத்தில் பெட்டியில் டேக்கை ஒட்டி அனுப்பினார்கள். தங்கள் தொழிற்சாலைக்குள் அந்த எண்ணால் எந்தக் கணக்கும் பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, டெக்காத்லான், ஜாரா போன்ற நிறுவனங்கள் ஆடைக்கு ஆடை டேக் வைத்தபோது அது நிலைத்தது, ஏனெனில் சரக்கும் கடையும் ஒரே நிறுவனத்துடையவை. செலவழித்த கைக்கே பலன் திரும்பியது. ஜாராவில் அப்போது சில்லு ஆடையிலேயே தங்கவில்லை. திருட்டுத் தடுக்கும் பிளாஸ்டிக் வில்லைக்குள் இருந்து, விற்றதும் கழற்றப்பட்டு மறுபடியும் பயன்பட்டது. நம் நாட்டில் 2016-இல் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கிய லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் திட்டமும் இதே வழியில் நடக்கிறது. துறைமுகத்தை விட்டு வெளியேறும் கன்டெய்னரில் டேக் மாட்டப்படுகிறது. சுங்கச்சாவடிகளிலும் சரக்கு நிலையங்களிலும் படிக்கப்படுகிறது. கன்டெய்னர் திரும்பும்போது டேக் கழற்றப்படுகிறது. சென்னை, காட்டுப்பள்ளி உள்ளிட்ட தென்னகத் துறைமுகங்களுக்கும் அது விரிந்தது.

ஆரணியை இந்த அனுபவத்தோடு பொருத்திப் பார்த்தால், கடையில் டேக் ஒட்டும் திட்டம் ஏன் நெசவாளருக்கு உதவாது என்பது புரியும். சில்லறைக் கடை தன் இருப்பை எண்ணிக்கொள்ள டேக் ஒட்டினால், அந்தச் சேலையின் வரலாறு அந்தக் கடை வாசலிலிருந்துதான் தொடங்கும். அதற்கு முன் கை மாறிய கதை எதுவும் அதில் இராது. மாறாக, கூட்டுறவுச் சங்கத்தில் கச்சாப் பொருளும் சங்கத்துடையது, நெய்த சேலையும் விற்கும் வரை சங்கத்துடையது. ஜாராவிடம் உள்ள அந்த ஒற்றை உரிமை, சிறிய அளவில், சங்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுக்கும் மேசையில், ஒரு பாவிலிருந்து வரப்போகும் சேலைகளுக்கான அட்டைகள் எடையோடும் தேதியோடும் கணினியில் பதிவாகட்டும். சேலை திரும்பி வரும்போது அட்டையும் எடையும் ஒன்றாகப் பதிவாகட்டும். சாயத்துக்குப் போகும் பட்டு முடிப்புகளுக்குக் கொதிநீரைத் தாங்கும் டேக் வேண்டும். சலவைக்கூடங்களுக்காகச் செய்த அத்தகைய டேக்குகள் ஏற்கெனவே இருக்கின்றன, திரும்பத் திரும்பப் பயன்படும். அப்போது பசை நீங்கிய எடைக்குறைவு எவ்வளவு, ஈரத்தால் வந்த எடைவேறுபாடு எவ்வளவு என்பது ஒவ்வொரு முடிப்புக்கும் தனித்தனியாகச் சேர்ந்துகொண்டே வரும். ஓராண்டுக் கணக்கு கையில் இருந்தால், எடை குறைந்ததென்று நெசவாளரைக் குற்றம் சாட்டும் முன், அந்த வாரத்து மற்ற எடைகளைப் பார்க்கலாம். தராசு தனியாக இருந்தபோது சொல்ல முடியாத உண்மை இது.

போலியைத் தடுக்குமா என்று கேட்பவர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். டேக் எண்ணைப் படித்து இன்னொரு டேக்கில் எழுதிவிடலாம். சாதாரண டேக்குகளில் அது பெரிய வித்தையல்ல. தொழிற்சாலையிலேயே சில்லில் பொறிக்கப்படும் மாற்ற முடியாத எண்ணைச் சேர்த்துச் சரிபார்த்தால் கடினமாகும். 2013-இல் வந்த புதிய தரநிலையில் மறைகுறியீட்டுச் சோதனையும் உண்டு. ஆனால் அசல் அட்டையைக் கழற்றி விசைத்தறிச் சேலையில் கட்டினால் எந்த மறைகுறியீடும் தடுக்காது. அலைக்கு வெள்ளி ஜரிகையும் செம்பு ஜரிகையும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் அதைத் திருப்பிவிடும். வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு என்பதை எக்ஸ்-ரே ஒளிர்வுச் சோதனைதான் சொல்லும். பட்டா பாலியெஸ்டரா என்பதற்கு மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த சில்க் மார்க் இருக்கிறது. கைத்தறியா விசைத்தறியா என்பதற்கு 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும், அதை அமல்படுத்தும் ஆய்வாளரின் கண்ணும் இருக்கின்றன. எந்த ஊர் என்பதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆரணிப் பட்டு அதைப் பெற்றிருக்கிறது. இவை எல்லாம் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலங்கள். டேக் அந்த வாக்குமூலங்களை ஒரே எண்ணோடு கட்டி வைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவும் சிறியதல்ல. ஒரே எண் ஒரே வாரத்தில் இரண்டு நகரங்களில் விற்பனையாவதாகத் தெரிந்தால், அல்லது ஒரு தறியின் பெயரில் எந்த மனிதக் கையாலும் நெய்ய முடியாத எண்ணிக்கையில் சேலைகள் வந்தால், அதைக் கணக்கே காட்டிக்கொடுக்கும். ஒரு தறி மாதத்துக்கு எத்தனை சேலை தரும் என்பது ஊருக்கே தெரிந்த உண்மை. அதை மீறும் பதிவேடு தன்னைத்தானே பொய்யென்று சொல்லும். தறியருகே தொடங்கும் பதிவில்தான் இந்தச் சோதனை சாத்தியம். கடையில் தொடங்கும் பதிவில் ஒருபோதும் இல்லை.

கடைசியாக ஓர் அச்சம் உண்டு, அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சேலையைக் கண்காணிக்கும் கருவி நெசவாளரைக் கண்காணிக்கும் கருவியாக மாறாதா? இன்றைக்கு எத்தனை மணிக்குப் பாவு எடுத்தாய், ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்று கேள்வி கேட்கும் சவுக்காகாதா? ஆகலாம். வீட்டுக்குள் தறி போட்டிருக்கும் தொழிலில் காய்ச்சலும் கல்யாணமும் மழையும் வேலையோடு கலந்தவை. அவற்றை நிமிடக் கணக்கில் அளப்பது கொடுமை. அதனால் ரீடர் தறிவீட்டுக்குள் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கொடுக்கும் மேசை, வாங்கும் மேசை, மூட்டை கட்டும் இடம், கடை வாசல் ஆகிய கை மாறும் இடங்களில் மட்டும் படிக்கட்டும். அந்தப் பதிவு முதலாளிக்கு மட்டும் தெரியும் இரகசியமாக இருக்கவும் கூடாது. தன் சேலை எந்த நாளில் எடைபோடப்பட்டது, எந்த நாளில் மூட்டையில் ஏறியது, எந்த நாளில் விற்றது என்பதை நெசவாளர் தன் கைப்பேசியில் பார்க்க வேண்டும். கூலி நிலுவை, விற்காத சரக்கு, தேங்கிய இருப்பு என்ற பேச்சுகள் வரும்போது, பேச்சை முடிக்கும் ஆதாரம் இரு தரப்பிடமும் இருக்கும். வாங்குபவரின் அந்தரங்கத்துக்கும் இதே அளவு அக்கறை தேவை. 2003-இல் பெனட்டன் நிறுவனம் ஆடைகளுக்குள் சில்லு தைக்கப் போகிறது என்ற செய்தி வந்ததும் வாங்குவோர் எதிர்த்தார்கள், நிறுவனம் பின்வாங்கியது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. கல்யாணக் கூட்டத்தில் யார் எந்தச் சேலை கட்டியிருக்கிறார் என்பதை வாசலில் நிற்கும் ஒரு கருவி அறியத் தேவையில்லை. டேக் தரநிலையிலேயே சில்லை நிரந்தரமாக அணைக்கும் கட்டளை உண்டு. அதைவிட எளிய வழி, அட்டையோடு வெட்டி எடுத்துவிடுவது. ஆகவேதான் அது சேலையில் தைக்கப்படாமல் அட்டையில் இருக்க வேண்டும்.

பில் போடும் மேசையில் அந்த அட்டை வெட்டப்படும்போது கடைசியாக ஒரு முறை படிக்கப்படும். அந்தப் பதிவு, கொடுத்த எடை, வந்த எடை, சென்ற மூட்டை என்ற முந்தைய வரிகளுக்குக் கீழே தேதியோடு போய் உட்காரும். சேலை வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும். ஆரணியில் ஒருவர் கைப்பேசியை எடுத்து, புரட்டாசியில் பாவு பிணைத்து முடித்த அந்த மூன்றாவது சேலை தை மாதம் எந்த ஊரில் விற்றது என்று பார்க்கலாம்.